நிக்காத கரண்ட்டு

உள்ள வாங்க சார். அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. சகாயம், சாருக்கு ஒரு டீ போடு.

ரெண்டு கேமரா, ரெண்டு கம்ப்யூட்டரு, பத்து நாளு, கண்மாய்க்குள்ள. அவ்வளவுதான? பறவைக் கூட்டுக்கு எதிர்ல கேமராவ வச்சுட்டு நீங்க தூரத்துல உக்காந்து கம்ப்யூட்டர்ல பாப்பீங்க. பக்கத்துல லைன் கெடையாது. ஜெனரேட்டர் போட்டா சத்தத்துல பறவையெல்லாம் ஓடிரும். புரியுது. அதுக்குத்தான் நம்மகிட்ட பேட்டரி இருக்கு. நூத்தம்பது ஆம்பியர்ல நாலு. மேல ரெண்டு சோலார் பிளேட்டு. எல்லாத்தையும் குட்டியானை வண்டியில போல்ட் போட்டு இறுக்கியிருக்கேன். வண்டியக் கொண்டுபோய் வெயில்ல நிறுத்துனா போதும். கரண்ட்டு ஒருபக்கம் செலவாகச் செலவாக இன்னொரு பக்கம் ஏறிக்கிட்டே இருக்கும்.

பஸ் ஸ்டாண்டுல எங்க வீட்டுக்கு வழி கேட்டிருப்பீங்க. கரண்ட்டு பிரகாசமா, அந்த ஆளான்னு ஒரு மாதிரி பாத்திருப்பாங்க. இல்லேங்காதீங்க சார், உங்க மூஞ்சியிலயே தெரியுது. அவங்க சொன்னது இருக்கட்டும். நானும் சொல்லிர்றேன், ரெண்டையும் வச்சு நீங்களே முடிவு பண்ணுங்க. ஒண்ணு மட்டும் மொதல்லயே மனசுல வச்சுக்கங்க. நான் யாரையும் கை நீட்டி அடிக்கிற ஆள் இல்ல.

முந்தி நானும் ஜெனரேட்டர்தான் வச்சிருந்தேன். கோயில் திருவிழா, கட்சி மீட்டிங், அப்புறம் கபடி. இங்க கபடிய எங்க நடத்துவாங்க? கண்மாய் வத்துனதும் கண்மாய்க்குள்ளதான். அங்க ஏது போஸ்ட்டு, ஏது லைனு? அதுலயும் இப்ப எல்லா ஆட்டத்தையும் லைவ்ல போடணும். வெளிநாட்டுல இருக்குறவன் போன்ல பாப்பான். ரகுபதின்னு ஒருத்தரு அதுக்குன்னே ஒரு சேனல் வச்சிருந்தாரு. கேமராவும் கம்ப்யூட்டரும் அவரோடது, கரண்ட்டு என்னோடது.

ஒரு வருசம் ஒரு ஊர்ல, ஊர் பேரு வேணாம், கடைசி ஆட்டத்துல ரெண்டு நிமிசம் பாக்கி இருக்கப்ப ஜெனரேட்டர் நின்னுபோச்சு. டீசல்ல தண்ணி. நானா ஊத்துனேன்? பங்க்ல வந்தது. லைவ் போச்சு, மைக்கு போச்சு, ஸ்கோர் போர்டு போச்சு. இருக்குற சத்தத்துல நடுவர் விசில் ஒருத்தனுக்கும் கேக்கல, அந்த ஊரு தோத்துப்போச்சு. எதிரூர்க்காரன் சொல்லித்தான் நிறுத்திட்டான்னு யாரோ ஒருத்தன் கத்துனான். ஒரே ஒரு ஆளு சார். அடுத்த நிமிசம் என்னையக் கொண்டுபோய் பந்தக்காலோட சேத்துக் கட்டிட்டாங்க. செருப்பால அடிச்சாங்க, பெல்ட்டால அடிச்சாங்க. அப்புறம் ஒருத்தன் வந்து, இந்தக் கைதான நிறுத்துச்சுன்னு சொல்லி என் வலது கையப் புடிச்சு ஜெனரேட்டர் சைலென்சர் மேல வச்சு அமுக்குனான். இன்னொருத்தன் எண்ணுனான். பத்து வரைக்கும் எண்ணுனான்.

பாருங்க. இதுல ரேகை கெடையாது. ஆதார் கார்டுக்குப் போனா மிசின் எடுக்க மாட்டேங்குது.

ஆஸ்பத்திரியில ஒரு மாசம் கெடந்தேன். இந்தப் பொழப்பே வேணாம், ஒரு பொட்டிக்கடை வச்சு உக்காருவோம்னு எம் பொண்டாட்டி சகாயம் அழுதா. நான் கேக்கல. அந்த ஒரு மாசமும் ஒரே ஒரு நெனப்புதான் எனக்கு. இனிமே என் கரண்ட்டு நிக்கவே கூடாது. ஊரே எரிஞ்சாலும் சரி, என் கரண்ட்டு நிக்கக்கூடாது. வந்ததும் ஜெனரேட்டரத் தள்ளிவிட்டுட்டு இந்தப் பேட்டரி செட்டுக்கு மாறினேன். சத்தம் இல்ல, பொகை இல்ல, டீசல் இல்ல. கம்ப்யூட்டருக்கும் இதுதான் நல்லது சார். ஜெனரேட்டர் கரண்ட்டு குதிக்கும், இது குதிக்காது.

தை மாசத்துலருந்து வைகாசி வரைக்கும் பதினோரு ஊர்ல ஆட்டம். ஒரு ஊர்லயாவது நின்னுச்சுன்னு யாராச்சும் சொல்லட்டும் பாப்போம். ஒரு செகண்டு நிக்கல. பிரகாசம் அண்ணன் இல்லேன்னா நான் வரலைன்னு ரகுபதியே சொல்லுவாரு. ஏன்னா அவரு கம்ப்யூட்டருக்கு உள்பேட்டரி கெடையாது. வெயில்ல வச்சு வச்சு அது உப்பிப்போச்சு, கழட்டி எறிஞ்சிட்டாரு. கேமராவுக்கும் அப்படித்தான். அது பேட்டரி ஒண்ணரை மணி நேரம் கூட வராது. அதனால டம்மி பேட்டரி மாட்டி, அதுலருந்து ஒயர் இழுத்து எங்கிட்ட குடுத்திருந்தாரு. கேமரா, கம்ப்யூட்டரு, நெட்டு வர்ற பொட்டி, மூணும் ஒரே பிளக்குல. அந்தப் பிளக்கு என் வண்டியில. அதப் புடுங்குனா மூணும் அவுட்டு. அவ்வளவு நம்பிக்கை என் மேல.

பன்னெண்டாவது ஊருதான் சேவூரணி.

சேவூரணிக்கும் மாவிலங்கேந்தலுக்கும் நாலு கிலோமீட்டரு. நடுவுல இருக்குறது அந்தக் கண்மாய்தான். அவங்க வேற, இவங்க வேற. உங்களுக்கே புரியும், நான் ஒடைச்சுச் சொல்ல வேணாம். தண்ணிக்கு ஒரு தடவை, சாமி ஊர்வலத்துக்கு ஒரு தடவைன்னு பழைய கேசெல்லாம் இருக்கு. நான் ரெண்டு ஊருக்கும் பொது ஆளு. மாதா கோயில்காரன், டவுன்காரன். எனக்கு யார் ஜெயிச்சா என்ன?

கடைசி ஆட்டம் மத்தியானம் மூணு மணிக்கு. அந்த ரெண்டு ஊருந்தான். என்னா வெயிலுங்கிறீங்க! பேட்டரி மேல ஈரச்சாக்க போட்டு, அரைமணிக்கு ஒருதரம் தண்ணி தெளிச்சேன். ஆடுகளத்துக்கு ஓரமா ஒரு டிராக்டர் ட்ரெய்லரு. அதுக்கு மேல ரகுபதி. கம்ப்யூட்டர் திரை வெயில்ல தெரியாதுல்ல, அதனால ஒரு மரப்பொட்டிக்குள்ள வச்சு, உள்ள தலைய விட்டுப் பாப்பாரு. கேமரா கீழ, ட்ரெய்லர் டயரு பக்கத்துல ஸ்டாண்டுல. என் வண்டி அதுலருந்து இருபதடி தள்ளி.

மாவிலங்கேந்தல் டீம்ல தவசின்னு ஒரு பையன். இருவத்தி மூணு வயசு. அண்ணன் கலைமணி சிங்கப்பூர்ல, கப்பல் கட்டுற கம்பெனியில வேலை. அப்பா இல்ல, அம்மா மட்டும். ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடி தவசி கேமரா முன்னாடி வந்து நின்னு, அண்ணே வணக்கம்னு ஒரு சல்யூட் வச்சுட்டுப் போனான். அவங்கண்ணன் பாக்குறாப்லயாம். நல்ல பையன் சார். எங்கிட்ட வந்து, ஈரச்சாக்குல கொஞ்சம் மூஞ்சியத் தொடச்சுக்கறேண்ணேன்னு கேட்டுத் தொடச்சுக்கிட்டான்.

ரெண்டு ஊரும் சரிக்குச் சமமா பாயிண்டு. கடைசிப் பாட்டு, ரெய்டும்பீங்கள்ல, அது. தவசிதான் பாடப்போனான். நாலு பேரு சேந்து அமுக்கிட்டாங்க. அவன் நாலு பேரையும் இழுத்துக்கிட்டு நடுக்கோட்டுக்கு ஊந்து வந்து கைய நீட்டுனான். கை கோட்டத் தொட்டிருந்தா மாவிலங்கேந்தல் ஜெயிச்சிருச்சு. தொடலேன்னா சேவூரணி. நடுவரு ஒரு ஸ்கூல் பி.டி. சாரு. அவரு தொடலைன்னுட்டாரு.

உடனே மாவிலங்கேந்தல் ஆளுக, வீடியோவப் போட்டுப் பாருங்கன்னாங்க. நடுவர் சொன்னாச் சொன்னதுதான், வீடியோ எதுக்குன்னு சேவூரணிக்காரங்க. தவசி எந்திரிச்சு நேரா ட்ரெய்லர் மேல ஏறிட்டான். அண்ணே, பின்னாடி ஓட்டுங்க, பாப்போம்னு ரகுபதிகிட்ட சொல்றான். ரகுபதி மரப்பொட்டிக்குள்ள தலைய விடுறாரு. அப்ப ஒரு கல்லு வந்துச்சு சார். யார் எறிஞ்சதோ தெரியாது. பொட்டிக்குப் பக்கவாட்டுல வந்து ரகுபதி நெத்தியில பட்டுச்சு. அப்படியே ட்ரெய்லர்லருந்து கீழ சரிஞ்சாரு.

கை கோட்டத் தொட்டுச்சா தொடலையான்னு கேக்குறீங்களா? அத இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் பாக்கல சார். வீடியோ கோர்ட்டுல இருக்கு. எல்லாரும் அதுக்கு அப்புறம் உள்ளதத்தான் பாக்குறாங்க.

கல்லு விழுந்ததும் தொடங்கிருச்சு. பந்தக்கால் சவுக்குக் கட்டை, இரும்பு நாற்காலி, கோடு போட வச்சிருந்த சுண்ணாம்புச் சட்டி, எது கைக்கு வருதோ அது. பி.டி. சாரு ஓடுனாரு. அவரு கழுத்துல கெடந்த விசில் கயித்தப் புடிச்சே இழுத்துக் கீழ போட்டு மிதிச்சாங்க. வயசான ஒருத்தரு, எலேய் வேணாம்டான்னு கைய விரிச்சுக்கிட்டு நடுவுல போனாரு. நாற்காலி கால் அவரு வாயில விழுந்துச்சு. பல்லு நாலஞ்சு மண்ணுல கெடந்தத நான் பாத்தேன். மைக் ஒயரு அறுந்துபோச்சு. அதுலருந்து லைவ்ல சத்தம் இல்ல, படம் மட்டுந்தான். யாரோ மோதுனதுல கேமரா ஸ்டாண்டு திரும்பிருச்சு. விழல, திரும்பிருச்சு. களத்தப் பாத்துக்கிட்டு இருந்தது இப்ப ட்ரெய்லர் டயரப் பாத்துக்கிட்டு நிக்குது.

ட்ரெய்லர் மேல நின்ன தவசிய ரெண்டு பேரு காலப் புடிச்சு இழுத்துக் கீழ போட்டாங்க. கட்டையால முழங்கால்ல அடிச்சாங்க. ஒரே அடியில கால் எதிர்ப்பக்கமா மடங்கிருச்சு. பையன் கத்துனது எனக்கு இன்னும் காதுல கேக்குது. அப்புறம் விட்டுட்டு அடுத்த ஆளத் தேடிப் போயிட்டாங்க. அவன் கைய ஊனி ஊனி நகந்து வந்து டயர்ல சாஞ்சு உக்காந்துக்கிட்டான். சரியா கேமராவுக்கு எதிர்ல.

நான் என் வண்டிய விட்டு நகரல. நகந்தா பேட்டரிய ஒடைச்சிருவானுங்க. உள்ள ஆசிட்டு சார், ஒடைஞ்சா எத்தன பேரு கண்ணு போகும்! அதுக்குத்தான் ஸ்பேனரக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். பெரிய ஸ்பேனரு, டெர்மினல் முடுக்குறது.

ரகுபதி மூஞ்சியெல்லாம் ரத்தத்தோட தவழ்ந்து எங்கிட்ட வந்தாரு.

"அண்ணே, கரண்ட்ட நிறுத்துங்க."

"எதுக்கு?"

"லைவ் ஓடுதுண்ணே. பக்கத்துல ஒருத்தன் போன்ல பாத்துச் சொல்றான், மூவாயிரம் பேரு பாத்துக்கிட்டு இருக்கானாம். மாவிலங்கேந்தல்லருந்து வர்றோம் வர்றோம்னு போட்டுக்கிட்டே இருக்காங்கெ. அருவா எடுத்துட்டு வர்றோம்னு போடுறாங்கெ. பாக்கப் பாக்க வெறி ஏறுதுண்ணே. புடுங்குங்க அத."

"நீங்க மேல போயி கம்ப்யூட்டர்ல நிறுத்துங்க."

"எப்படிண்ணே போறது? ட்ரெய்லரச் சுத்தி அடிச்சுக்கிட்டுக் கெடக்காங்கெ. எனக்குக் கண்ணே தெரியல. உங்க கையிலதான பிளக்கு இருக்கு!"

சார், நீங்க என் எடத்துல இருந்து பாருங்க. நான் அதப் புடுங்குனா நாளைக்கு என்ன பேசுவாங்க? வீடியோவப் பாக்க விடாம பிரகாசம் கரண்ட்ட நிறுத்திட்டான், சேவூரணிக்காரன் சொல்லி நிறுத்திட்டான். பேசுவாங்களா மாட்டாங்களா? மறுபடி ஒரு பந்தக்கால், மறுபடி ஒருத்தன் ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுவான். நான் முடியாதுன்னேன். என் கரண்ட்டு நின்னதா பேரு வாங்க மாட்டேன் ரகுபதின்னேன்.

அவரு என்னையத் தாண்டிக் கைய நீட்டிப் பிளக்கப் புடிச்சாரு.

நான் அடிக்கல சார். தடுத்தேன். கையில ஸ்பேனர் இருந்துச்சு, அதோட தடுத்தேன். மணிக்கட்டுல பட்டுருச்சு. பட்டுன்னு ஒரு சத்தம். அவரு கத்தக்கூட இல்ல. கையத் தூக்கிப் பாத்தாரு. அது தொங்குச்சு. அப்புறம் என்னையப் பாத்தாரு. என் வண்டிக்கு அடியில போயிப் படுத்துக்கிட்டாரு. இப்ப அவரு கையில தகடு வச்சிருக்காங்க. பிரகாசம் அடிச்சான்னு ஊரெல்லாம் சொல்றாரு. அஞ்சு வருசப் பழக்கம் சார், இப்படிச் சொல்லலாமா?

கொஞ்ச நேரத்துல சண்டை தளந்து போச்சு. உண்மையிலேயே தளந்துச்சு. எல்லாருக்கும் மூச்சு வாங்குது. ரெண்டு பக்கமும் அடிபட்டவனத் தூக்கிக்கிட்டு ஒதுங்குறாங்க. ஏழெட்டுப் பேருக்குக் காயம், ரெண்டு மூணு பேருக்கு எலும்பு முறிவு, அவ்வளவுதான். அதோட முடிஞ்சிருக்கணும்.

அப்பத்தான் கரை மேல தூசி தெரிஞ்சுச்சு. ரெண்டு லோடு ஆட்டோ, ஒரு இருவது பைக்கு. மாவிலங்கேந்தல். வந்து எறங்குன அம்புட்டுப் பேரு கையிலயும் அருவா. ஒருத்தன் கையில போன் இருக்கு சார், போனப் பாத்துக்கிட்டே எறங்கி வர்றான். போன்ல தவசி டயர்ல சாஞ்சு கெடக்குறான், நிமிந்தா நேர்லயும் கெடக்குறான்.

மொதல்ல எதுக்க வந்த சேவூரணி ஆளு ஒருத்தன வெட்டுனாங்க. தோள்ல எறங்குன அருவா அப்படியே நின்னுருச்சு. காலக் குடுத்து மிதிச்சு உருவுனான். சேவூரணியில பொம்பளைக கூப்பாடு போட்டு ஓடி வர்றாங்க. ஆம்பளைக வீட்டுக்கு ஓடி அருவாளோட திரும்புறாங்க. அதுக்கப்புறம் யாரு யாருன்னு தெரியல. விரல் ஒண்ணு என் சாக்கு மேல வந்து விழுந்துச்சு. விரலு சார். நான் அத எடுத்துக் கீழ போட்டேன், பேட்டரி டெர்மினல்ல பட்டா ஆகாதுன்னு.

தோள்ல வெட்டு வாங்குனானே, அவனுக்கு ஒரு தம்பி. பேரு வேணாம், கேஸ் நடக்குது. அண்ணன் விழுந்து கெடக்குறதப் பாத்துட்டு அருவாளோட ஓடி வந்தான். மாவிலங்கேந்தல் ஆளு எவனாச்சும் சிக்குறானான்னு சுத்திப் பாத்தான். எல்லாரும் ஓடுறாங்க, ஓட முடியாதவன் ஒருத்தன் டயர்ல சாஞ்சு உக்காந்திருக்கான். நேரா போனான். தவசி ரெண்டு கையையும் தூக்குனான். கையில ரெண்டு வெட்டு, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல ஒண்ணு, வயித்துல ஒண்ணு. மொத்தமே பத்து செகண்டுதான். தூரத்துல போலீஸ் சைரன் கேட்டுச்சு. அவன் அருவாளப் போட்டுட்டு ஓடிட்டான். எல்லாரும் ஓடிட்டாங்க. அம்மாம் பெரிய கண்மாயில நானு, வண்டிக்கடியில ரகுபதி, டயர்ல தவசி. அங்கங்க சில பேரு படுத்துக் கெடக்காங்க, மொனகல் மட்டும் கேக்குது.

நான் ட்ரெய்லருக்குப் போனேன். ஒயர் எங்கயாச்சும் வெட்டுப்பட்டிருக்கான்னு பாக்கணும்ல. மரப்பொட்டிக்குள்ள எட்டிப் பாத்தேன். கம்ப்யூட்டரு ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. பதினோராயிரம் பேரு பாக்குறான். ஓரத்துல வரி வரியா ஓடுது. எனக்கு மெதுவாத்தான் படிக்க வரும். ஒரே பேருலருந்து திரும்பத் திரும்ப வருது. கலைமணி, கலைமணி, கலைமணி. 'தம்பியத் தூக்குங்க.' 'யாராச்சும் தம்பியத் தூக்குங்க.' 'பச்சைச் சட்டை போட்ட அண்ணே, உங்களத்தான், தூக்குங்க.'

நான் குனிஞ்சு என் சட்டையப் பாத்தேன். பச்சைச் சட்டைதான்.

எறங்கி அவன்கிட்ட போனேன். என் துண்ட எடுத்துக் கழுத்துல வச்சு அமுக்குனேன். நிக்கல. வண்டியில ஏத்தலாம்னா வண்டி நெறைய பேட்டரி, போல்ட் போட்டு முடுக்குனது. அதக் கழட்ட அரைமணி ஆகும். பாட்டில் தண்ணிய வாயில வச்சேன், ஓரமா வழிஞ்சிருச்சு. அவன் என்னையப் பாக்கல. என்னையத் தாண்டி, எனக்குப் பின்னாடி நிக்கிற கேமராவப் பாக்குறான். அதுல ஒரு சின்னச் செவப்பு லைட்டு எரியும் சார், ஓடுறதுக்கு அடையாளமா.

"அண்ணே, அதத் திருப்பிருங்க. அம்மா பாத்துக்கிட்டு இருக்கும்."

அவ்வளவுதான் சொன்னான். தெளிவாத்தான் சொன்னான்.

கேமரா என் வேலை இல்ல சார். அது ரகுபதியோடது. அஞ்சு வருசத்துல ஒரு நாளாச்சும் நான் அவரு கேமராவத் தொட்டதில்ல. அவங்கவங்க சாமான அவங்கவங்கதான் தொடணும். அவரு வரட்டும்னு பாத்தேன். அவரு வண்டிக்கடியில கெடக்காரு. நான் துண்ட அமுக்கிக்கிட்டே உக்காந்திருந்தேன். போலீஸ் வர ஆறு நிமிசம் ஆச்சாம். வீடியோவுல இருக்கு. ஆறு நிமிசமும் இருக்கு. மூணாவது நிமிசத்துல அவன் தலை சாயிறது இருக்கு. பச்சைச் சட்டை போட்ட முதுகு ஒண்ணு ஓரமா இருக்கு.

அன்னைக்கு இன்ஸ்பெக்டர் என் தோளத் தட்டுனாரு சார். இத எழுதி வச்சுக்கங்க. "யோவ், உன் கரண்ட்டு மட்டும் நின்னிருந்தா ஒருத்தன் கூட மாட்டியிருக்க மாட்டான்யா." பதினாறு பேர அந்த வீடியோவ வச்சுத்தான் புடிச்சாங்க. வெட்டிட்டுத் திரும்புனவன் முகம் அப்படியே தெரியுது. சாட்சியே வேணாம். கோர்ட்டுல வக்கீல் கூட கேட்டாரு, கரண்ட்டு இல்லாத எடத்துல எப்படி இவ்வளவு நேரம் ஓடுச்சுன்னு. நான் எந்திரிச்சு வெளக்கமா சொன்னேன், எத்தன ஆம்பியரு, எத்தன பிளேட்டுன்னு. ஜட்ஜே எழுதிக்கிட்டாரு.

அப்ப நான் செஞ்சது தப்பா? நீங்களே சொல்லுங்க. ஆனா ஊர்ல ஒருத்தன் என்னையக் கூப்பிடுறதில்ல. உன் கரண்ட்டாலதான் ரெண்டு லோடு ஆட்டோ வந்துச்சுங்கிறான். கரண்ட்டா சார் அருவாளத் தூக்குச்சு?

டீயக் குடிங்க சார், ஆறுது.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு ஒரு செவ்வாக்கெழமை, காலையில பத்து மணி இருக்கும். வாசல்ல ஒரு ஆட்டோ வந்து நின்னுச்சு. சகாயம் எட்டிப் பாத்துட்டு, அந்தப் பையனோட அண்ணன் வந்திருக்காருங்க, கூட அம்மாவும் வந்திருக்குன்னா. கதவச் சாத்துடின்னேன். அவ சாத்தல. அந்தம்மா உள்ள வந்து, நீங்க உக்காந்திருக்கீங்கல்ல, இதே நாற்காலியில உக்காந்துச்சு. கலைமணி வாசப்படியில நின்னுக்கிட்டான். நல்ல ஒசரம், தவசி மாதிரியே.

அந்தம்மா அழுகல. அழுது முடிச்சுட்டு வந்த மாதிரி இருந்துச்சு.

"பக்கத்து வீட்டுப் புள்ள போன்ல நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்யா. சத்தம் வரல. கடைசியில எம்புள்ள வாயசைச்சு உங்கிட்ட என்னமோ சொன்னான். நீ குனிஞ்சு கேட்ட. என்னய்யா சொன்னான்?"

நான் சகாயத்தப் பாத்தேன். அவளுக்கு எல்லாம் சொல்லியிருந்தேன். அவ தலையக் குனிஞ்சுக்கிட்டா.

"தண்ணி கேட்டான்மா."

"குடுத்தியா?"

"குடுத்தேன்மா."

அந்தம்மா எந்திரிச்சு வந்து என் ரெண்டு கையையும் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிச்சு. "பெத்தவ இல்லாத எடத்துல நீ இருந்தியேய்யா. தண்ணி குடுத்த கை நல்லா இருக்கணும்." அதச் சொல்லிட்டு மெதுவா நடந்து ஆட்டோவுல போய் உக்காந்துச்சு.

கலைமணி போகல. அம்மா ஆட்டோவுல ஏறுற வரைக்கும் பாத்துட்டு, உள்ள வந்தான்.

"அண்ணே, அந்த ஆறு நிமிசத்த எத்தன தடவ பாத்தேன்னு எனக்கே தெரியாது. நிறுத்தி நிறுத்திப் பாத்திருக்கேன். அவன் தண்ணி கேக்கல. அதுல அம்மான்னு ஒரு வார்த்தை வருது. மிச்சம் என்ன?"

நான் சொல்லிட்டேன் சார். அவன்கிட்ட பொய் சொல்ல வாய் வரல. தவசி சொன்னத அப்படியே சொன்னேன்.

அப்புறம் கேட்டான், "ஏன்ணே திருப்பல?"

"கேமரா என் வேலை இல்ல தம்பி."

அவன் வலது கை மேல வந்துச்சு. நல்லாப் பாத்தேன், விரல மடக்குனான். நான் கண்ண இறுக்க மூடிக்கிட்டேன். அடிக்கட்டும்னு மூஞ்சியக் காட்டிக்கிட்டு நின்னேன். எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. ஆட்டோ கெளம்புற சத்தம் கேட்டுக் கண்ணத் தொறந்தேன். அவன் அம்மா பக்கத்துல உக்காந்து, அதோட சேலை வெளிய பறக்காம ஒதுக்கி விட்டுக்கிட்டு இருந்தான்.

ஒரு அடி அடிச்சிருக்கலாம் சார். பந்தக்கால்ல கட்டி வச்சு அடிச்சவனுங்க மேல கூட எனக்கு இப்ப கோவம் இல்ல. இவன் அடிக்காமப் போயிட்டான். எனக்கு இருக்குற வருத்தமெல்லாம் இவன் மேலதான்.